கண்மாய் கிணறு அல்ல

எங்கள் ஊர்க் கண்மாயில் இயந்திரம் மண் அள்ளுகிற காணொளியை மூன்று நாட்களாக எல்லோரும் பகிர்ந்துகொண்டிருக்கிறீர்கள். "கண்மாய் ஆழமாகிறது, ஊருக்கு விடிவு பிறக்கிறது" என்று வாழ்த்து வேறு. அதன் கீழே, இப்படித் தோண்டுவது கண்மாய்க்குக் கேடு என்று நான் இரண்டு வரி எழுதினேன். அதற்குக் கிடைத்த வசவுகளையும் பார்த்திருப்பீர்கள். சொல்ல வந்ததை முழுதாகவே சொல்லிவிடுகிறேன்.

தூர்வாருவது வேறு, தோண்டுவது வேறு. கிணற்றில் தண்ணீர் கீழே போனால் இறைத்துக்கொள்ளலாம். கண்மாய்த் தண்ணீர் மடை வழியாகத் தானாக வயலுக்கு இறங்க வேண்டும். மடைப்படிக்கு, அதாவது மடை வாயின் அடிமட்டத்துக்கு, கீழே நிற்கிற தண்ணீர் ஒரு வயலுக்கும் போகாது. கண்மாய் கிணறு அல்ல.

வியாழக்கிழமை மாலை நேரில் போய்ப் பார்த்தேன். மடைக்கு முன்னால் முப்பது அடி தள்ளி, இரண்டு ஏக்கருக்குப் பள்ளம். பத்தடி ஆழம் இருக்கும். வெட்டிய பக்கம் செங்குத்தாக நிற்கிறது. மேலே இரண்டு முழத்துக்குக் கரம்பை என்கிற கறுப்பு வண்டல், அதன் கீழே களி, அதற்கும் கீழே வெளுத்த மணல். அடியில் கணுக்கால் அளவுக்குத் தண்ணீர் ஊறிக் கிடந்தது. ஆவணி மாதம்; வானத்திலிருந்து ஒரு சொட்டு விழவில்லை. அள்ளி நாக்கில் வைத்தேன். கரித்தது. எங்கள் ஊரிலிருந்து கடல் மூன்று கிலோமீட்டர்தான். மேலே தேங்கும் மழைத் தண்ணீரையும் கீழே கிடக்கும் உப்புத் தண்ணீரையும் இத்தனை காலமாகப் பிரித்து வைத்திருந்தது அந்தக் களிதான். அதைத் துளைத்துவிட்டார்கள்.

கணக்கும் சொல்கிறேன். இரண்டு ஏக்கர், பத்தடி என்றால், இருபது ஏக்கரில் ஓரடி உயரத்துக்கு நிற்கிற தண்ணீர். எங்கள் கண்மாயின் பரப்பு ஏறத்தாழ ஐம்பது ஏக்கர். அதில் பரப்பிப் பார்த்தால் கிட்டத்தட்ட ஐந்து அங்குலம். மழை குறைந்த வருடத்தில் வருகிற தண்ணீர் முதலில் அந்தப் பள்ளத்தைத்தான் நிரப்பும். மடைக்கு வர வேண்டிய ஐந்து அங்குலம் அங்கேயே படுத்துவிடும்.

ஐந்து அங்குலத்தில் என்ன வந்துவிடப்போகிறது என்று கேட்பவர்கள் எங்கள் வெள்ளாமையைப் பார்த்ததில்லை. எங்கள் இராமநாதபுரம் மாவட்டத்தில் ஆண்டுக்குச் சராசரியாக 800 மில்லிமீட்டரைச் சற்றுத் தாண்டி மழை பெய்கிறது. பெரும்பகுதி ஐப்பசியிலும் கார்த்திகையிலும் கொட்டிவிட்டுப் போய்விடும். நாங்கள் நாற்று நடுவதில்லை. காய்ந்த புழுதியில் விதைத்துவிட்டு வானத்தைப் பார்த்திருப்போம். மழையே பயிரை வளர்த்துவிடும். மார்கழியில் கதிர் பால் பிடிக்கும்போதுதான் கண்மாயைத் தேடுவோம். ஒரே ஒரு தண்ணீர் போதும். அது கிடைத்தால் நெல், கிடைக்காவிட்டால் பதர்.

எனக்குப் பத்து வயதிருக்கும்போது, சித்திரையில் ஐயா மாட்டுவண்டி கட்டிக் கரம்பை அடிப்பார். நானும் மண்வெட்டியோடு போவேன். ஒரு நாள் வண்டி சீக்கிரம் நிரம்பட்டும் என்று ஒரே இடத்தில் வெட்டிக் களிக்குள் இறங்கிவிட்டேன். கரையில் நின்ற நீர்ப்பாய்ச்சி, மடையைத் திறந்து வயல்களுக்குத் தண்ணீர் விடுகிறவர், ஓடி வந்தார். ஐயாவைக்கூடக் கேட்காமல் என் கையிலிருந்த மண்வெட்டியைப் பிடுங்கினார். அந்தக் குழியைக் களியாலேயே நிரப்பச் சொல்லி, பொழுது சாயும்வரை என்னை மிதிக்க வைத்தார். "களியைக் கண்டால் மண்வெட்டியைத் தூக்கிவிட வேண்டும்" என்றார். ஐயா ஒரு வார்த்தை பேசவில்லை. இரவு அப்பத்தா என் குதிகாலுக்கு எண்ணெய் தடவிக்கொண்டே, "அவர் சொன்னது சரிதான்" என்றார். அந்த நீர்ப்பாய்ச்சி கைநாட்டு.

"பள்ளத்தில் தண்ணீர் நின்றால் ஆடு மாடு குடிக்காதா?" என்று ஒரு தம்பி மரியாதையாகக் கேட்டிருந்தார். நியாயமான கேள்வி. உள்நாட்டில், அடியில் நல்ல தண்ணீர் உள்ள ஊரில், அளவோடு வெட்டினால் உதவும். இங்கே எங்கள் பசு முகர்ந்து பார்த்துவிட்டுத் திரும்பிவிட்டது.

"இயந்திரமே கூடாதா?" என்கிறார்கள். யார் சொன்னது? கண்மாய்க்குத் தண்ணீர் கொண்டுவருகிற வரத்துக்கால் முழுக்கச் சீமைக் கருவேலம் மண்டிக் கிடக்கிறது. அதைத் தூரோடு பிடுங்க இயந்திரம்தான் வேண்டும். அங்கே ஒரு நாள்கூட அது போகவில்லையே!

"விவசாயிக்கு மண் கிடைக்கிறதே" என்கிறார்கள். வண்டல் எடுக்க விவசாயிக்கு அரசே இலவசமாக அனுமதி தருகிறது. 2024 முதல் வட்டாட்சியரிடமே வாங்கிக்கொள்ளலாம். நல்ல ஏற்பாடு, நானும் வாங்கியிருக்கிறேன். ஆனால் இந்த லாரிகள் எந்த வயலில் இறங்கின? சாலையோர மனைகளில் மேடு மேடாகக் கிடக்கிறது எங்கள் கண்மாய்.

பிறகு, "நீ வாத்தியார், உனக்கு விவசாயம் என்ன தெரியும்?" இதை எழுதியவர் என் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து காப்பி குடித்தவர். எங்கள் ஒன்றரை ஏக்கரில் இன்றும் நெல் விதைக்கிறோம், அரை ஏக்கரில் முண்டு மிளகாய் போடுகிறோம். 2023-இல் அந்த மிளகாய்க்குப் புவிசார் குறியீடு கிடைத்தபோது பட்டாசு வெடித்தீர்கள். களத்தில் காயும் அந்தப் பழத்தைக் குனிந்து பொறுக்கிப் பொறுக்கியே என் அம்மாவின் இடுப்பு வளைந்துபோனது. எனக்குத் தெரியாது என்று சொல்லுங்கள், பொறுத்துக்கொள்கிறேன். அவருக்கும் தெரியாதா? ஊரில் அத்தனை பேர் இருக்க, தோண்டுவதற்கு முன் ஒருவரிடமாவது கேட்டார்களா?

அதிகாரிகளை மிரட்ட "தண்ணியில்லாக் காட்டுக்கு மாற்றிவிடுவேன்" என்பார்கள். அந்தக் காடு எங்கள் ஊர்தான். சொன்னவர்களுக்குத் தெரியாது, இங்கே வருகிற தண்ணீரைப் பிடித்து வைக்க எத்தனை கண்மாய் வெட்டினார்கள் என்று. வருசநாட்டு மலையில் பிறக்கிற வைகை இராமநாதபுரம் பெரிய கண்மாயில் வந்து அடங்குகிறது. ஆர்.எஸ். மங்கலத்தில் இருப்பதை 'நாரை பறக்காத நாற்பத்தெட்டு மடைக் கண்மாய்' என்றுதான் சொன்னார்கள். நாரையாலும் பறந்து கடக்க முடியாத பரப்பைச் சொன்னார்கள், மடையை எண்ணினார்கள். ஆழத்தை ஒருவரும் பெருமையாகப் பேசவில்லை. தண்ணீர் இல்லாத ஊர் என்று எங்களை வெளியூர்க்காரர்கள் சொன்னால் பழகிவிட்டது. இருக்கிற தண்ணீரையும் உள்ளூர்க்காரர்களே கைதட்டி இழப்பதைத்தான் என்னால் பார்க்க முடியவில்லை.

ஞாயிறு காலை ஏழு மணிக்குக் கண்மாயில் இருப்பேன். கொத்தனார்கள் மட்டம் பார்க்கிற தண்ணீர்க் குழாயைக் கேட்டு வாங்கி வைத்திருக்கிறேன். ஒரு முனையை மடைப்படியில் நான் பிடிக்கிறேன். என்னைத் திட்டியவர்களில் யாராவது ஒருவர் மறுமுனையைப் பள்ளத்தில் பிடியுங்கள்.