'ஆபத்து + வாய்ப்பு' = நெருக்கடி? சீனச் சொல்லுக்கு அந்தப் பொருள் இல்லை

"சீன மொழியில் நெருக்கடி என்ற சொல்லில் இரண்டு எழுத்துகள். ஒன்று ஆபத்து, மற்றொன்று வாய்ப்பு. அதனால்தான் சீன வியாபாரிகள் நஷ்டத்திலும் லாபம் பார்க்கிறார்கள்!" சூரியோதயப் படத்தோடு இந்த ஃபார்வர்டு மறுபடி சுற்றிக்கொண்டிருக்கிறது.

பாதிதான் சரி. சொல் 'வெய்ஜி'. 'வெய்' என்றால் ஆபத்து, அதில் தகராறில்லை. ஆனால் இங்கே 'ஜி' என்பது நிலைமை திரும்பும் முக்கியக் கட்டத்தைக் குறிக்கிறது. வாய்ப்புக்கு 'ஜிஹுய்' என்று தனிச்சொல் இருக்கிறது. இதே 'ஜி' எழுத்துதான் விமானத்தைக் குறிக்கும் 'ஃபெய்ஜி'யிலும் வருகிறது. அங்கே அதற்குப் பொருள் இயந்திரம். மாடிப்படியில் உள்ள 'படி'யைப் பார்த்து, தமிழர்கள் மாடி ஏறும்போதெல்லாம் கல்வியை நினைக்கிறார்கள் என்று சொன்னால் எப்படியோ, அப்படித்தான் இதுவும்.

இது வாட்ஸ்அப் காலத்துப் பிழையும் அல்ல. பின்னாளில் அமெரிக்க அதிபரான ஜான் கென்னடி, 1959-லேயே இதை மேடையில் பேசியிருக்கிறார். பெரிய இடத்திலிருந்து வந்ததாலோ என்னவோ, மேலாண்மை வகுப்புகள் இன்றும் விடுவதாயில்லை. பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தின் சீன மொழிப் பேராசிரியர் விக்டர் மெயர் இதை மறுத்து விரிவாகவே எழுதியிருக்கிறார், இணையத்தில் கிடைக்கிறது. நல்ல சீன அகராதி ஒன்றைப் புரட்டினாலும் போதும்.

சீனர்களோடு தொழில் பேசப் போகிறவர்கள் ஒன்றைக் கவனிக்கவும்: பொருளாதார நெருக்கடிக்கு அங்கே 'ஜிங்ஜி வெய்ஜி' என்பார்கள். கேட்பவருக்கு வயிற்றைக் கலக்கும் சொல் அது. "வாய்ப்புதானே" என்று சிரித்துவைக்காதீர்கள்.

இந்தச் செய்தி உங்களுக்கு வந்தால் அடுத்த குழுவுக்கு அனுப்ப வேண்டாம்.