அடிபட்ட ஆளை வாங்கினால் கழுகா?

ஞாயிற்றுக்கிழமை ராத்திரி நம் லீக் குழுவில் நடந்ததை எல்லாரும் பார்த்தீர்கள். முழுசாகத் திருப்பிச் சொல்லப் போவதில்லை. நாம் ஆடுவது ஃபேன்டஸி ஃபுட்பால்: நிஜ அமெரிக்கன் ஃபுட்பால் ஆட்டக்காரர்களை வைத்து ஆளுக்கொரு கற்பனை அணி, நிஜ ஆட்டத்தில் அவர்கள் ஆடுவதுதான் நமக்குப் புள்ளி. அதில், கால் விரலில் அடிபட்டிருக்கிற சின்சினாட்டி குவார்ட்டர்பேக் (பந்தை எறிகிறவர்) ஜோ பர்ரோவை டிரேடில், அதாவது ஆள் மாற்றிக்கொள்வதில், வாங்கினேன். பத்து நிமிஷத்துக்குள் மூன்று பேர் அதை ரத்து செய்ய வீட்டோ ஓட்டெடுப்பு கேட்டார்கள். அதில் ஒருவர் என்னைப் "பிணந்தின்னிக் கழுகு" என்றார். அதற்கு ஏழு பேர் சிரிப்புப் பொம்மை போட்டிருந்தார்கள். ஏழு பேரின் பெயரையும் பார்த்தேன்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். நாம் ஆடுவது டைனஸ்டி லீக். வருஷா வருஷம் கலைத்துவிட்டு மறுபடி ஆள் எடுக்கிற ஃபேன்டஸி ஃபுட்பால் இல்லை. இன்றைக்கு வாங்கிய ஆள் நாம் விற்கும்வரை நம்மிடம்தான் இருப்பார். அதிலும் நம்முடையது சூப்பர்ஃப்ளெக்ஸ், வாரத்துக்கு இரண்டு குவார்ட்டர்பேக்கை இறக்கலாம். பர்ரோவுக்கு இந்த 2025 செப்டம்பரில் வயசு 28. இந்த இடத்தில் ஆடுகிறவர்கள் முப்பத்தைந்து தாண்டியும் ஆடுகிறார்கள். மூன்று மாசம் ஆடமாட்டார் என்றால் மூன்று மாசத்துக்கான விலையைத்தான் குறைக்கணும். மிச்சம் இருக்கிற ஏழெட்டு வருஷத்தின் விலையை ஏன் குறைக்கிறீர்கள்?

2025 செப்டம்பர் 14, ஜாக்சன்வில் ஆட்டம். இடது கால் பெருவிரலுக்கு அடியில் தசைநார் கிழிந்து சர்ஜரி வரை போனது. அடுத்த வாரமே அவர் இல்லாத சின்சினாட்டி, மினசோட்டாவிடம் 48-10 என்று நொறுங்கியது. அந்த ஆட்டம் முடிந்த கையோடு, பர்ரோவை வைத்திருந்தவரே எனக்குச் செய்தி அனுப்பினார். அவர் அனுப்பினார், நான் இல்லை. மூன்று வாரமும் தோற்றிருந்தார், இந்த வாரமே ஆடக்கூடிய குவார்ட்டர்பேக் வேண்டும் என்றார். என்னிடம் இருந்த குவார்ட்டர்பேக் சாம் டார்னால்டையும், 2026 முதல் ரவுண்டு பிக்கையும் (புது ஆட்களை எடுக்கிற முறை), 2027 இரண்டாம் ரவுண்டு பிக்கையும் கொடுத்தேன். அவர் ஒத்துக்கொண்டார். இதில் ஏமாந்தது யார்?

"புதுசா வந்தவரை ஏமாத்திட்டே" என்கிறார்கள். பர்ரோவை எனக்குக் கொடுத்தவர் லீக்குக்கு வந்து இரண்டு வருஷம் ஆகிறது. ஃபுட்பால் பார்க்கத் தெரிந்த பெரிய மனுஷர். அவருக்காக நீங்கள் பரிதாபப்படுவது அவருக்குத்தான் அவமானம். வீட்டோ என்பது இரண்டு பேர் கூட்டுச் சேர்ந்து லீக்கை ஏமாற்றினால் தடுக்க வைத்தது. உங்களுக்குத் தோன்றாதது எனக்குத் தோன்றியதற்குத் தண்டனை கொடுக்க வைத்தது இல்லை.

"பர்ரோ கண்ணாடி உடம்பு" என்பது அடுத்த வாதம். இதற்குப் பொறுமையாகவே பதில் சொல்கிறேன். 2020 நவம்பரில் வாஷிங்டன் ஆட்டத்தில் முழங்கால் போனது. அடுத்த சீசனில் அவர் எறிந்தது 4,611 யார்டு தூரம், 34 டச்டவுன் (எதிரணி எல்லைக்குள் பந்தைச் சேர்க்கிற ஸ்கோர்), கடைசியில் சூப்பர் பௌல் இறுதி ஆட்டம். 2023 நவம்பரில் பால்டிமோரில் வலது மணிக்கட்டு, அதுவும் எறிகிற கை. அடுத்த சீசனில் 4,918 யார்டு, 43 டச்டவுன். இரண்டிலும் அந்த சீசனில் ஆடிய எல்லா குவார்ட்டர்பேக்கிலும் முதலிடம். இரண்டு தடவை 'இவர் கதை முடிந்தது' என்றார்கள், இரண்டு தடவையும் திரும்பி வந்தார். அவருக்கு முன்னால் நிற்கிற தடுப்பு வரிசை பலவீனம் என்பது உண்மைதான். 2021 சீசனின் பிளேஆஃபில் (நாக்-அவுட் சுற்றில்) டென்னசியிடம் ஒரே ஆட்டத்தில் ஒன்பது தடவை தரையில் விழுந்தார். அந்த ஆட்டத்தையும் அவர் அணிதான் ஜெயித்தது. அவர் எறிவதைப் பிடிக்கிற சேஸும் ஹிக்கின்ஸும் 2025 மார்ச்சில்தான் நீண்ட ஒப்பந்தம் போட்டிருக்கிறார்கள். பந்தைப் பிடிக்க ஆள் இருக்கிறது, எறிகிறவர் திரும்பி வந்தால் போதும்.

நான் இந்தப் பாடத்தைச் சும்மா கற்றுக்கொள்ளவில்லை. 2020 அக்டோபர் 11, டாலஸ் குவார்ட்டர்பேக் டாக் பிரெஸ்காட் கணுக்கால் திரும்பிக் கிடந்ததை இதே டாலஸில் என் வீட்டு சோபாவில் உட்கார்ந்து பார்த்தேன். வண்டியில் ஏற்றிக்கொண்டு போகும்போது கண்ணைத் துடைத்துக்கொண்டே ஒரு கையை உயர்த்திக் காட்டினார். என் மகள் டிவியை அணைக்கச் சொன்னாள். அன்றைக்கு ராத்திரியே பயந்துபோய், ஒரே ஒரு முதல் ரவுண்டு பிக்குக்கு நம் லீக்கில் அவரை விற்றேன். அடுத்த மார்ச்சில் டாலஸ் அவருக்கு 16 கோடி டாலருக்கு ஒப்பந்தம் கொடுத்தது. 2021-ல் 37 டச்டவுன் எறிந்தார். என்னிடம் வாங்கியவரை அன்றைக்கு யாராவது கழுகு என்றீர்களா? "சூப்பர் டீல் மச்சி" என்றீர்கள். நானும் வாழ்த்துச் சொன்னேன். அன்றைக்கு வாங்கிய அதே நண்பர்தான் ஞாயிற்றுக்கிழமை என்னைக் கழுகு என்றவர்.

இதை எழுதக் கூடாது என்றுதான் இருந்தேன். 2022-ல் ஞாயிறு கிரிக்கெட்டில் பௌண்டரி ஓரத்தில் பந்தைத் துரத்தும்போது என் முழங்கால் லிகமென்ட் கிழிந்தது. ஒன்பது மாசம். சர்ஜரி முடிந்த வாரம், உறைந்த பட்டாணிப் பொட்டலத்தைத் துணியில் சுற்றி முட்டியில் வைத்துக்கொண்டு படுத்திருந்தேன். அணியின் வாட்ஸ்அப் குழுவைத் திறந்தால், என் இடத்துக்கு யாரை எடுக்கலாம் என்று பேசிக்கொண்டிருக்கிறார்கள். நான் இன்னும் அதே குழுவில்தான் இருக்கிறேன் என்பது யாருக்கும் உறைக்கவில்லை. ஒருத்தர் மட்டும் எழுதினார்: "அவன் இடம் அப்படியே இருக்கட்டும், வந்துடுவான்." மறுநாள் எவர்சில்வர் தூக்கில் மிளகு ரசம் எடுத்துக்கொண்டு வீட்டுக்கும் வந்தார். அவரும் இதே நண்பர்தான்.

அதனால்தான் கேட்கிறேன். அடிபட்டவன் திரும்பி வருவான் என்று நம்புவது என் விஷயத்தில் நட்பு, பர்ரோ விஷயத்தில் பிணம் தின்பதா? பர்ரோ செத்துப் போகவில்லை, பெருவிரலில் கட்டுப்போட்டு உட்கார்ந்திருக்கிறார். மற்றவர்கள் பயந்து கீழே வைத்த ஆளை நம்பிக் கையில் எடுத்தவன் நான். அவர் டிசம்பர் வரை ஆடாவிட்டாலும் ஐஆர் இடத்தில் (அடிபட்டவர்களை வைக்கிற இடம்) வைத்துக் காத்திருக்கத் தயார். இந்த சீசனே போனாலும் போகட்டும்.

இன்னொருவர் தனிச்செய்தியில் "விளையாட்டுக்குப் போய் இவ்வளவா?" என்று கேட்டார். ஆறு வருஷமாக ஒவ்வொரு செவ்வாய்க்கிழமை ராத்திரியும் பிள்ளைகள் தூங்கின பிறகு உட்கார்ந்து நாம் பேசிக்கொண்டிருப்பது இதைத்தான். ஊரை விட்டு வந்த எனக்கு அண்ணன் தம்பி மாதிரி இருப்பது இந்தப் பன்னிரண்டு பேர் குழுதான். ஆமாம், இவ்வளவுதான்.

புதன்கிழமை ராத்திரி ஓட்டெடுப்பு முடிகிறது என்று லீக்கை நடத்துகிற கமிஷனர் சொல்லியிருக்கிறார். வீட்டோ போட வேண்டும் என்று தோன்றினால் போடுங்கள். பர்ரோவைத் திருப்பிக் கொடுத்துவிட்டு டார்னால்டை வாங்கிக்கொள்கிறேன், மறுபேச்சு பேசமாட்டேன். ஆனால் மச்சி, நீ எழுதிய அந்த ஒரு வரியை மட்டும் குழுவிலிருந்து எடுத்துவிடு.