கவுன்சிலர் வீட்டு வாசல்

எங்கள் வார்டின் பழைய கவுன்சிலரை எனக்குப் பிடிக்காது. 2010-இலும் 2015-இலும் அவருக்கு எதிராகத்தான் ஓட்டுப் போட்டேன். இப்போது அவர் இருந்திருந்தால் தேவலை என்று எழுதப் போகிறேன். திட்டுகிறவர்கள் முழுதும் படித்துவிட்டுத் திட்டுங்கள்.

பெங்களூரில், அல்சூர் ஏரியிலிருந்து நடந்து போகிற தூரத்தில் இருக்கிறது எங்கள் தெரு. தமிழ்க் குடும்பங்கள்தான் அதிகம். நல்ல சரிவான தெரு. மேட்டுப் பக்கம் நாலு மாடி வீடுகளும் இரண்டு அபார்ட்மெண்டும். பெரும்பாலும் சொந்த வீட்டுக்காரர்கள். பள்ளத்துப் பக்கம் ஷீட் போட்ட வரிசை வீடுகள்; லீஸுக்கும் வாடகைக்கும் இருப்பவர்கள். நான் நடுவில் இருக்கிறேன், எல்லா விதத்திலும்.

கவுன்சிலர் வீடு மேட்டில். காலை ஏழு மணிக்கெல்லாம் வாசலில் பத்துப் பேராவது நிற்பார்கள். விதவை பென்ஷன், ரேஷன் கார்டில் பெயர் சேர்ப்பது, மோரி என்று நாங்கள் சொல்கிற தெருவோர வடிகாலில் அடைப்பு, எரியாத தெருவிளக்கு. ஒரு தடவை, புருஷன் அடித்துவிட்டான் என்று நியாயம் கேட்கக்கூட ஒரு பெண் வந்து நின்றாள். அவர் பனியனும் லுங்கியுமாக வந்து பிளாஸ்டிக் நாற்காலியில் உட்காருவார். தமிழ் ஆளிடம் தமிழ், கன்னடக்காரரிடம் கன்னடம், பாய்மார்களிடம் உருது. சிலருக்குக் காபி வரும், சிலருக்கு வராது. அதை வைத்தே அடுத்த தேர்தலில் யார் எந்தப் பக்கம் என்று தெரு கணக்குப் போடும். மோரி வேலை எடுக்கும் கான்ட்ராக்டர் அவருக்குச் சொந்தம் என்று ஒரு பேச்சு உண்டு. பேச்சு உண்மையா என்று நான் விசாரித்ததில்லை. ஆனால் மோரிக்கு மூடியாகப் போட்ட கல் மறு மழைக்கே உடைந்ததைப் பார்த்திருக்கிறேன்.

2020 செப்டம்பரில் பெங்களூரின் 198 கவுன்சிலர்களுக்கும் பதவிக்காலம் முடிந்தது. கொஞ்ச நாள் பழக்கத்தில் ஆட்கள் வந்து நின்றார்கள். அவரும் “இப்ப என் கையில ஒண்ணுமில்லப்பா” என்று சொல்லிச் சொல்லிப் பார்த்தார். பிறகு நாற்காலியை உள்ளே எடுத்து வைத்துவிட்டார்கள். அந்த இடத்தில் இப்போது ஸ்கூட்டர் நிற்கிறது.

தேர்தல் இதோ வருகிறது, அதோ வருகிறது என்றார்கள். 198 வார்டை 243 ஆக்கினார்கள். பிறகு 225 என்றார்கள். 2025 செப்டம்பரில் மாநகராட்சியே ஐந்தாகப் பிரிந்தது, மேலே கிரேட்டர் பெங்களூரு ஆணையம் என்று ஒன்று வந்து உட்கார்ந்தது, பிறகு வார்டு 369 ஆனது. நான் இதை எழுதுகிற 2025 டிசம்பரில், ஒரு கோடிப் பேருக்கு மேல் வாழ்கிற இந்த ஊரில் ஒரு கவுன்சிலர்கூடக் கிடையாது.

சரி, கவுன்சிலர் இல்லாவிட்டால் என்ன, புகார் சொல்ல வழியா இல்லை என்பீர்கள். நிறைய இருக்கிறது. எங்கள் வீட்டு ஃபிரிட்ஜ் மேலேயே மூன்று எண் ஒட்டி வைத்திருக்கிறேன். ரோடு, குப்பை, தெருவிளக்கு என்றால் 1533. குடிநீரும் பாதாளச் சாக்கடையும் என்றால் 1916. கரண்ட் போனால் 1912. இது போக செயலிகள். என்னைப் போல மாதச் சம்பளக்காரனுக்கு இது பெரிய வசதி, மறுக்க மாட்டேன். யார் வாசலிலும் போய் நின்று, காபி வருமா வராதா என்று பார்க்க வேண்டியதில்லை. தெருவிளக்கு எரியவில்லை என்று இரண்டு தடவை போட்டேன், இரண்டு தடவையும் மாற்றிவிட்டார்கள்.

பிரச்சினை தெருவிளக்கு மாதிரி இருந்தால் சரிதான். மோரி அப்படி இல்லை.

போன மே மாதம் பெய்த மழையில் பள்ளத்து வீடுகள் ஆறில் தண்ணீர் புகுந்தது. அதில் ஒன்று பூக்கார அக்கா வீடு. விடியக்காலை நாலு மணிக்கு கே.ஆர். மார்க்கெட் போய் மல்லியும் கனகாம்பரமும் எடுத்து வந்து, தெருமுனையில் உட்கார்ந்து கட்டி விற்கிறவர். அவர் வீட்டில் தண்ணீர் புகுவது புதிதில்லை. புகுந்த அளவுதான் புதிது. கட்டில் கால் மூழ்கிவிட்டது. நான் போய் நின்று போட்டோ எடுத்து, செயலியில் ஏற்றினேன். அதில் முதலில் வகையைத் தேர்ந்தெடுக்கச் சொல்கிறது: மழைநீர் வடிகாலா, பாதாளச் சாக்கடையா? வாசலில் நின்ற தண்ணீரைக் குனிந்து பார்த்தேன். நாற்றத்தை வைத்துச் சொல்வதானால் இரண்டும்தான். இரண்டுக்கும் இரண்டு இலாகா. ஏதோ ஒன்றை அழுத்தினேன்.

நாலாம் நாள் குறுஞ்செய்தி வந்தது, உங்கள் புகார் தீர்க்கப்பட்டது என்று. போய்ப் பார்த்தால், மேட்டுப் பக்கம் இரண்டு கல்லைத் தூக்கி, நாலு கூடை சேற்றை வெளியே போட்டிருக்கிறார்கள். போட்டோவும் எடுத்துக்கொண்டு போயிருக்கிறார்கள். அடுத்த மழையில் மறுபடியும் தண்ணீர். மறுபடியும் புகார். மறுபடியும் தீர்க்கப்பட்டது. மூன்றாவது தடவை நான் போனோடு நிற்பதைப் பார்த்துவிட்டு அக்கா சொன்னார்:

“தம்பி, நீ எடுக்கிற போட்டோவுல தண்ணி மட்டும்தான் இருக்கு. தண்ணி ஏன் நிக்குதுன்னு இல்லையே.”

எனக்குச் சுருக்கென்றது. ஏன் நிற்கிறது என்று நான் கேட்கவே இல்லை. அவருக்குத் தெரிந்திருந்தது. பால் பூத்துக்கு எதிரே மோரி திரும்புகிற இடத்தில், கல்லுக்குக் கீழே, குறுக்கே ஒரு கேபிள் குழாய் போகிறது. ரோட்டைத் தோண்டிக் குழாய் போட்டவர்கள் மோரியின் இரண்டு பக்கச் சுவரிலும் ஓட்டை போட்டு நடுவிலேயே இழுத்துக்கொண்டு போய்விட்டார்கள். மேட்டிலிருந்து வரும் பிளாஸ்டிக் கவரெல்லாம் அதில் மாட்டி, துணி காயப்போட்ட கொடி மாதிரி தொங்கும். அங்கே அடைத்தால் தண்ணீர் பின்னுக்கு ஏறி வீட்டுக்குள் வரும். மேட்டில் எத்தனை கூடை சேறு எடுத்தாலும் என்ன பயன்?

“இதை யார்கிட்டயாவது சொன்னீங்களாக்கா?”

“யாருகிட்ட சொல்றது? முன்னாடி இருந்தவர்கிட்ட சொல்லுவேன். திட்டுவாரு. அப்புறம் ஆள் அனுப்பி கல்லைத் தூக்கச் சொல்லுவாரு.”

இந்தப் பதிவையே அந்தப் பதிலுக்காகத்தான் எழுதுகிறேன். அவர் நல்லவரா கெட்டவரா என்பது அக்காவுக்கு முக்கியமில்லை. அந்த வாசலில் நின்று வாயால் சொல்லலாம், கையால் காட்டலாம். வகை தேர்ந்தெடுக்க வேண்டியதில்லை. எந்த இலாகா என்று தெரிந்திருக்க வேண்டியதில்லை. ‘அது உன் தலைவலி’ என்று அவர் மேல் போட்டுவிட்டு வரலாம். ஓட்டு வேண்டும் என்பதால் அவரும் அதைத் தூக்கிக்கொண்டு நாலு இலாகா ஏறி இறங்குவார், அல்லது ஏறி இறங்குவது போலவாவது காட்டுவார். இப்போது அந்த வேலையைச் செய்ய வேண்டியது அக்கா. மார்க்கெட் போய் வந்து, பூக்கட்டி விற்று முடித்து, மிச்ச நேரத்தில்.

மேட்டில் சங்கம் இருக்கிறது. குடியிருப்போர் நலச் சங்கம் என்று பெயர். வீட்டுச் சொந்தக்காரர்கள்தான் உறுப்பினர். வாட்ஸாப் குழுவில் பார்க்கிங், தெருநாய், மரக்கிளை பற்றி ஓயாமல் பேசுவார்கள். கெட்டவர்கள் இல்லை. அதிகாரிகளுக்கு எப்படிக் கடிதம் எழுதுவது என்று தெரிந்தவர்கள், எழுதிச் சாதித்தும் இருக்கிறார்கள். ஆனால் தண்ணீர் அவர்கள் வீட்டுக்குள் வராது. அவர்கள் வாசல் வழியாக ஓடிப் போகும். ஓடிப் போவதைப் பார்த்தால் மோரி நன்றாக வேலை செய்கிற மாதிரிதானே தெரியும்?

ஊர் முழுக்கவே இப்படித்தான். 2022 செப்டம்பர் வெள்ளத்தில் பெல்லந்தூர், சர்ஜாபூர் ரோடு பக்கம் வில்லாக்கள் மூழ்கி, ஐடி ஊழியர்கள் டிராக்டரில் வேலைக்குப் போனார்கள். படம் உலகம் பூராவும் போயிற்று. உடனே ராஜகாலுவே ஆக்கிரமிப்பை இடிக்க ஜேசிபி கிளம்பியது. ராஜகாலுவே என்றால் ஏரிக்கும் ஏரிக்கும் நடுவே மழைத்தண்ணீர் போகிற பெரிய வாய்க்கால், வெளியூர் நண்பர்களுக்காகச் சொல்கிறேன். அக்கா வீட்டில் வருஷா வருஷம் தண்ணீர் புகுகிறது. அங்கே டிராக்டரே நுழையாது.

மக்கள் சேர்ந்து நின்றால் நடக்காது என்று நான் சொல்லவில்லை. 2016 அக்டோபர் 16, ஒரு ஞாயிற்றுக்கிழமை, சாளுக்கியா சர்க்கிளிலிருந்து ஹெப்பாளுக்கு இரும்புப் பாலம் கட்ட மரங்களை வெட்டக் கூடாது என்று மனிதச் சங்கிலி நடந்ததே, அதில் நானும் நின்றேன். ‘பேடா’ என்று எழுதிய அட்டையோடு. வேண்டாம் என்பதற்குக் கன்னடம். 2017 மார்ச்சில் திட்டத்தையே கைவிட்டார்கள். அந்தச் சந்தோஷம் இன்னும் இருக்கிறது. ஆனால் அன்று பக்கத்தில் நின்றவர்களை நினைத்துப் பார்த்தால், எல்லாரும் என்னைப் போல ஞாயிற்றுக்கிழமை லீவு உள்ளவர்கள்.

லீவு இல்லாதவர்கள் சாதித்ததையும் சொல்ல வேண்டும். பெங்களூர்க் குப்பையை வருடக்கணக்கில் கொண்டுபோய்க் கொட்டியது மாவள்ளிபுரா, மண்டூர் கிராமங்களில். மாவள்ளிபுராக்காரர்கள் 2012-இல் இனி முடியாது என்றார்கள், பெங்களூர் நாறியது. மண்டூர்க்காரர்களின் போராட்டத்தால் 2014 டிசம்பர் 1 முதல் அங்கே கொட்டுவதும் நின்றது. ஈரக்குப்பை வேறு, காய்ந்த குப்பை வேறு என்று பிரிக்க இந்த ஊர் உருப்படியாகக் கற்றுக்கொண்டது அதற்கப்புறம்தான். 2015 டிசம்பரில் ஹைகோர்ட் வீட்டிலேயே இரண்டு கூடை, ஒரு பை வைத்துக் குப்பையைப் பிரிக்க வேண்டும் என்று சொன்னதும் அந்த நெருக்கடியின் தொடர்ச்சியே. இன்றைக்குக் கச வண்டி, அதாவது குப்பை வண்டி, வந்து நிற்கும்போது நாம் பெருமையாகப் பிரித்துக் கொடுக்கிறோமே, அந்தப் படிப்பு நமக்கு வந்தது அந்தக் கிராமத்து ஆட்கள் பட்ட பாட்டிலிருந்து.

வார்டு கமிட்டி இருக்கிறதே என்று சங்கத்துக்காரர் ஒருவர் என்னிடம் சொன்னார். உண்மைதான். 74-ஆவது அரசியல் சட்டத் திருத்தத்திலேயே, மூன்று லட்சம் ஜனத்தொகைக்கு மேற்பட்ட ஊர்களுக்கு அது உண்டு. பழைய விதிப்படி இங்கே கமிட்டிக்குப் பத்துப் பேர்; பெண்கள் மூவர், பட்டியல் சாதி அல்லது பழங்குடியினர் இருவர், குடியிருப்போர் சங்கங்களிலிருந்து இருவர். நல்ல ஏற்பாடு. சங்கத்துக்கு இடம் இருக்கிறது. சங்கத்தில் சேர முடியாத வாடகைக்காரருக்கென்று இடம் இல்லை. இனி புதிய வார்டுகளுக்குக் கமிட்டி போடும்போது இதைக் கவனித்தால் நன்றாக இருக்கும். தெருவில் பாதிப் பேர் லீஸ் வீட்டில் இருக்கும் ஊர் இது.

மோரி கதைக்கு வருகிறேன். நாலாவது தடவை செயலியை விட்டுவிட்டு மனவி, அதாவது கன்னடத்தில் மனு, எழுதிக் கொடுப்பது என்று முடிவு செய்தோம். எனக்குக் கன்னடம் பேசத்தான் வரும், எழுத வராது. ஐம்பது வருடக் குடும்பம், வெட்கம்தான். எழுதியது அக்காவின் மகள், சர்க்கார் பள்ளியில் ஒன்பதாவது. ‘மான்யரே’ (ஐயா) என்று தொடங்கி ஒரு பக்கம், முத்து முத்தான எழுத்து. கீழே அவளே படமும் போட்டாள்: மேடு, பால் பூத், மோரி திரும்பும் இடம், குறுக்கே குழாய், ஆறு வீடுகள். ஆறு வீட்டுக்காரர்களும் கையெழுத்து. மேட்டிலிருந்தும் இரண்டு பேர் போட்டார்கள், அதைச் சொல்லாமல் விடக் கூடாது.

அலுவலகத்தில் முதல் நாள் “நாளே பன்னி” என்றார்கள். நாளைக்கு வாருங்கள். நான் சின்னப் பையனாக இருந்தபோது பேய்க்குப் பயந்து இந்த ஊரில் வீட்டுக் கதவுகளில் ‘நாளே பா’ என்று எழுதி வைப்பார்கள். கதவைத் தட்டும் பேய் அதைப் படித்துவிட்டு, சரி நாளைக்கு வரலாம் என்று திரும்பிவிடுமாம். தினமும் வரும், தினமும் படிக்கும், தினமும் திரும்பும். பேயின் நிலைமை எனக்கு அன்றுதான் புரிந்தது. மறுநாள் போனோம். தபால் பிரிவில் முத்திரை வாங்கிய நகல் கிடைத்தது. அதை அக்கா அரிசி டின்னுக்கு அடியில் வைத்திருக்கிறார்.

வந்த இன்ஜினியர் நல்ல மனிதர், சின்ன வயது. படத்தைக் கையில் வைத்துக்கொண்டே நேராகப் பால் பூத்துக்கு நடந்து, கல்லைத் தூக்கச் சொன்னார். குழாய் இருந்தது, கொடி மாதிரி கவர்கள் தொங்கின. “யார் வரைந்தது?” என்று கேட்டார். பெண்ணைக் காட்டினோம். அன்றே அடைப்பை எடுத்தார்கள். குழாயை மட்டும் அவர்கள் தொட முடியாதாம். அது வேறு ஆளுடையது, அதற்கு வேறு கடிதம் போக வேண்டும். கடிதம் போயிருக்கிறது. அக்டோபர் மழையில் தண்ணீர் வாசற்படியோடு நின்றது.

குழாயை நகர்த்தும்வரை அடிக்கடி சுத்தம் செய்ய வேண்டும் என்று அந்த ஒரு கல்லை மூடாமல் விட்டிருக்கிறார்கள். இரவில் யாரும் கால் விட்டுவிடாமல் இருக்க அக்கா அதன் மேல் பழைய பூக்கூடை ஒன்றைக் கவிழ்த்து வைத்திருக்கிறார். போன வாரம் யாரோ கூடையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள். இன்னொன்று வைத்திருக்கிறார்.