மோட்டார் ரூம் குளவி

பழைய கொட்டகையில் குளவியின் மண்கூட்டைக் கண்டால் உடனே மருந்தடிக்கச் சொல்கிறது நான் படித்த ஒரு கட்டுரை. இந்த ஒல்லி இடுப்புக் குளவிக்கு அது ரொம்ப அதிகம். கூட்டமாக விரட்டிக் கொட்டும் கதண்டு வேறு. இது தனி ஆள், கையில் பிடித்து நசுக்கினால்தான் கொட்டும்.

எங்கள் மோட்டார் ரூமில் ஸ்டார்ட்டர் பெட்டிக்குப் பின்னால் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு கூடு இருந்தது. திருப்புளியால் நெம்பினேன். உள்ளே வரிசையாக அறைகள், ஒன்றில் மட்டும் 11 சிலந்திகள். செத்தவை இல்லை, மயக்க ஊசி போட்ட மாதிரி கிடந்தன, தொட்டால் கால் லேசாக அசைந்தது. முட்டையிலிருந்து வரும் புழுவுக்குக் கெட்டுப்போகாத சாப்பாடு! கொட்டிக் கொட்டிப் புழுவைக் குளவியாக்கும் என்பார்களே, அந்தப் பேச்சு இப்படி எதையோ பார்த்துத்தான் வந்திருக்கும். (சிலந்திக்குப் பதில் பச்சைப் புழு இருந்தால் அது வேறு இனம், குட்டிப் பானை மாதிரி கட்டும்.) இந்த வகைக் குளவி ஒன்றின் அறிவியல் பெயரிலேயே நம் மதராஸப்பட்டினம் இருக்கிறது, 1781இல் வைத்தது.

தொந்தரவே இல்லை என்று சொல்ல மாட்டேன். மூடாமல் போட்ட ஹோஸ் முனையை மண்வைத்து அடைத்துவிடும். அப்புறம், சுரண்டுவதானால் எல்லா அறையிலும் ஓட்டை விழுந்திருக்கிறதா பாருங்கள். விழுந்திருந்தால் குஞ்செல்லாம் பறந்துவிட்டது, தாராளமாக எடுக்கலாம்.