பூனைக்குட்டி பரிசுப் பொருள் இல்லை

அந்த நாற்பது வினாடிக் காணொளியை எங்கள் ஊர் ஊத்தான் மெலிந்தாங்கில் பாதிப் பேர் பார்த்துவிட்டார்கள். என் மகள் அழுகிறாள். நான் கதவை ஒட்டி நின்று பூனைக்குட்டி வேண்டாம் என்கிறேன். பின்னாலிருந்து ஒரு குரல், "ஐயோ பாவம், சரின்னு சொல்லுங்கக்கா" என்கிறது. அவ்வளவுதான், முடிந்துவிடுகிறது. கீழே கருத்துகளில் கல்நெஞ்சக்காரி, பிள்ளை மனசு தெரியாத அம்மா, இன்னும் என்னென்னவோ. சனிக்கிழமையிலிருந்து பொறுத்துக்கொண்டுதான் இருந்தேன். நேற்று கோயிலில் விளக்கேற்றிவிட்டுத் திரும்பும்போது, முன்பின் பேசியிராத ஒரு பெண், "நீங்கதானே அந்தப் பூனை வீடியோ?" என்று கேட்டார். அதன் பிறகு எழுதாமல் இருக்க முடியவில்லை.

காணொளியில் இல்லாததை முதலில் சொல்கிறேன். அன்று மகளுக்குப் பதினைந்தாவது பிறந்தநாள். கேக் வெட்டி முடித்து, மீ கோரெங் பரிமாறிக்கொண்டிருந்தேன். அவள் தோழியின் அம்மா ஒரு மைலோ பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தார். பெட்டியின் பக்கவாட்டில் பேனாவால் குத்திய ஓட்டைகள். உள்ளே ஒரு பழைய துண்டு, அதன்மேல் வெள்ளையும் சாம்பலுமாக ஒரு குட்டி. ஐந்து வாரம் இருக்கும். பால்குடி கூட சரியாக மறக்கவில்லை, துண்டின் ஓரத்தை வாயில் வைத்துச் சப்பிக்கொண்டிருந்தது. என்னிடமோ என் கணவரிடமோ ஒரு வார்த்தை கேட்கவில்லை. பதினைந்து பிள்ளைகள் சுற்றி நிற்க, எல்லார் கையிலும் கைப்பேசி. எல்லாம் தயாரான பிறகுதான் என் முகத்தைப் பார்த்தார்கள்.

ஓர் உயிரை ஒரு வீட்டில் விடுவதற்கு முன்னால் அந்த வீட்டில் கேட்க வேண்டும். நான் சொல்ல வந்தது இது ஒன்றுதான்.

மகள் இரண்டு வருடமாகப் பூனை கேட்கிறாள். குளிர்பெட்டிக் கதவில் தாள் ஒட்டியிருக்கிறாள்: காலை உணவு நான், மணல் தட்டு நான், ஞாயிற்றுக்கிழமை கழுவுவது நான். "நான் பாத்துக்குறேம்மா, நீங்க ஒண்ணும் செய்ய வேணாம்." அவள் பொய் சொல்லவில்லை, எனக்கு அது தெரியும். ஆனால் அவள் நாளைப் பாருங்கள். காலை ஐந்தே முக்காலுக்கு எழுந்து பள்ளிப் பேருந்து. மதியம் வந்து சோறு, பிறகு டியூஷன், இரவு வீட்டுப்பாடம். நான் செம்பனை (எண்ணெய்ப்பனை) ஆலை அலுவலகத்தில் கணக்கெழுதுகிறேன். கணவர் செம்பனைக் குலை ஏற்றும் லோரி ஓட்டுகிறார், வருவதற்கு இருட்டிவிடும். பகலில் வீட்டில் இருப்பது முட்டிவலியோடு என் மாமியார். மணல் தட்டை யார் குனிந்து அள்ளுவது?

மகளின் பதினைந்தும் பூனையின் பதினைந்தும் முப்பது. நன்றாகப் பார்த்துக்கொண்டால் வீட்டுப் பூனை பதினைந்து வருடம் இருக்கும், அதற்கு மேலும் இருக்கும். இன்னும் இரண்டு வருடத்தில் பள்ளி இறுதித் தேர்வான எஸ்பிஎம் எழுதிவிட்டு மகள் வெளியூர் படிக்கப் போய்விடுவாள், போகத்தான் வேண்டும். மிச்சப் பதின்மூன்று வருடம் அந்தப் பூனை யாருடையது? கருத்து எழுதிய எழுபது பேரில் ஒருவராவது இந்தக் கணக்கைப் போட்டீர்களா?

குட்டிக்கு ஆறு எட்டு வாரத்தில் முதல் தடுப்பூசி. பிறகு மூன்று நான்கு வாரத்துக்கு ஒரு தடவை, பதினாறு வாரம் ஆகும்வரை. பெண் குட்டியாக இருந்தால் நாலைந்து மாதத்திலேயே சினைபிடிக்கும், ஒன்பது வாரத்தில் குட்டி போடும். அதற்கு முன்னால் கருத்தடை அறுவை செய்துவிட வேண்டும். நான் நம்பிப் போகக்கூடிய கால்நடை மருத்துவர் தெலுக் இந்தான் நகரத்தில் இருக்கிறார். ஒவ்வொரு தடவையும் அரை நாள் விடுப்பு. பணம் இல்லை என்று சொல்லவில்லை, பார்க்காமல் விட முடியாது என்று சொல்கிறேன்.

ஒருவர் எழுதியிருக்கிறார், "பால் ஊத்தி வச்சா தானா வளரும்" என்று. அந்த வயதுக் குட்டிக்குப் பசும்பால் கொடுத்தால் வயிற்றாலே போய்ச் சுருண்டுவிடும், அதற்கென்று பால்மாவு தனியாக இருக்கிறது. இன்னொருவர், பூனைக்குக் காய்ச்சல் வந்தால் அரைப் பெனடால் (பாராசிட்டமால்) கரைத்துக் கொடுக்கச் சொல்கிறார். தயவுசெய்து யாரும் அப்படிச் செய்துவிடாதீர்கள். பூனையின் உடம்பு அந்த மருந்தைத் தாங்காது, அரை மாத்திரையே கொன்றுவிடும். இந்த அளவுதான் தெரியும் என்பவர்கள் என்னை இரக்கமில்லாதவள் என்கிறீர்கள்.

அப்புறம் என் மகன். ஒன்பது வயது, இழுப்பு (ஆஸ்துமா) உண்டு. "இழுப்பு உள்ளவங்க வீட்டுலயும் பூனை இருக்கே" என்று உடனே சொல்வீர்கள். இருக்கும். அந்த வீட்டுப் பிள்ளை எப்படியோ எனக்குத் தெரியாது, என் பிள்ளை இரவு இரண்டு மணிக்கு உட்கார்ந்து மூச்சு வாங்குவதை நான்தான் பார்க்கிறேன். முடி கொட்டாத பூனையாகப் பார்த்து வாங்கினாலும் சரிவராது. பூனையின் எச்சிலிலும் தோலிலும் இருக்கிற புரதம்தான் காரணம். அது காய்ந்து காற்றில் மிதக்கும், மெத்தையிலும் திரையிலும் ஒட்டும், பூனை போன பிறகும் மாதக்கணக்கில் வீட்டில் இருக்கும். தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால்தான் தெரியும்.

எனக்குப் பூனை பிடிக்காது என்று முடிவுகட்டிவிட்டார்கள். அதுதான் நெஞ்சில் குத்துகிறது.

நான் தோட்டத்தில் பிறந்தவள். தொழிலாளர் குடியிருப்பான லயத்தில் எங்களுக்குச் செவலை என்று ஒரு பூனை இருந்தது. அம்மா விடியற்காலை பெரட்டுக்கு (வேலைக்கு ஆள் கணக்கெடுக்கும் இடத்துக்கு) போகும்போது பின்னாலேயே வேலிவரை போய்விட்டு, திரும்பி வந்து என் போர்வைக்குள் நுழையும். பால்மரத்தை (ரப்பர் மரத்தை) வெட்டிவிட்டுச் செம்பனை நட்ட காலம் அது. செம்பனை வந்தது, கூடவே எலி வந்தது. பழம் பழுக்குமுன்னே கடித்துவிடும். தோட்டத்தில் பெண்களைச் சேர்த்து எலி மருந்து வைக்கச் சொன்னார்கள். மெழுகில் செய்த சின்னச் சின்னக் கட்டி, மரத்துக்கு ஒன்று. அந்தக் கும்பலில் என் அம்மாவும் போனார்.

அந்த மருந்து தின்ற எலி உடனே சாகாது. ரத்தம் உறையாமல் போய், சில நாள் தள்ளாடிக்கொண்டு திரியும். தள்ளாடுகிற எலியைப் பூனை விடுமா? செவலை தினம் ஒன்று கவ்விக்கொண்டு வந்தது, நாங்கள் கெட்டிக்காரப் பூனை என்று தடவிக்கொடுத்தோம். ஒரு வாரத்தில் அது சாப்பிடுவதை நிறுத்தியது. வாயைத் திறந்து பார்த்தால் ஈறு காகிதம் மாதிரி வெளுத்திருந்தது. மறுநாள் மூக்கிலிருந்து ரத்தம். தோட்டத்து மருந்தக டிரெஸ்ஸரிடம் தூக்கிக்கொண்டு ஓடினேன், அவர் மனுசருக்கு மருந்து கொடுக்கிறவர், என்ன செய்வார்? இதற்கு முறிவாக வைட்டமின் கே ஊசி இருக்கிறது என்பதை நான் வளர்ந்த பிறகுதான் தெரிந்துகொண்டேன். அம்மா அன்று சாயங்காலம் குழாயடியில் கையைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவிக்கொண்டிருந்தார். ஒன்றும் பேசவில்லை. மருந்து வைத்த கை அது என்று அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். எனக்கு அப்போது பதினொரு வயது.

இப்போது நாங்கள் இருக்கும் தாமானுக்கு (வீடமைப்புப் பகுதிக்கு) பின் வேலியைத் தாண்டினால் செம்பனைதான். கம்பத்தில் பெட்டி கட்டிக் கூகை வளர்க்கும் தோட்டங்களும் இருக்கின்றன, கூகை எலியைத் தின்னும். ஆனாலும் மருந்து வைப்பது நிற்கவில்லை. இப்போது வரும் மருந்துகளில் பழையதைவிடக் கடுமையானவையும் உண்டு. "பூனை இருந்தா எலி வராது, நல்லதுதானே" என்று ஒரு அண்ணன் எழுதியிருந்தார். அண்ணே, நான் பயப்படுவதே அதற்குத்தான்.

வீட்டுக்குள்ளேயே வைத்து வளர்க்கலாமே என்பீர்கள். எங்கள் வீட்டில் முன்கதவு திறந்தேதான் இருக்கும். மாமியாருக்கு மூடிய வீட்டில் மூச்சு முட்டும். சரி, விடுங்கள்.

சகுனம் பார்க்கிறேன் என்கிறார் ஒருவர். பூனை குறுக்கே போனதற்காக நான் ஒரு நாளும் திரும்பி வந்ததில்லை. மலாய்க்காரர்களைப் பார்த்துக் கற்றுக்கொள் என்கிறார் இன்னொருவர். என் பக்கத்து வீட்டு மலாய்க்கார மாச்சிக் (அத்தை) நாலு பூனை வைத்திருக்கிறார். வீட்டில் எந்நேரமும் ஆள் இருக்கிறது, அறுவை செய்து, நேரத்துக்குச் சோறு வைத்து, பிள்ளை மாதிரி பார்க்கிறார். என் மகள் தினமும் அங்கே போய்க் கொஞ்சிவிட்டுத்தான் வருகிறாள். நான் என்றைக்காவது தடுத்தேனா? அந்த மாச்சிக்தான் காணொளியைப் பார்த்துவிட்டு வந்து என் கையைப் பிடித்துக்கொண்டார். வேறு யாரும் வரவில்லை.

பூனை வளர்த்தால் பிள்ளைக்குப் பொறுப்பு வரும் என்று நிறையப் பேர் சொல்கிறீர்கள். உயிர் என்ன பயிற்சிப் புத்தகமா, தப்பாக எழுதினால் அழித்து எழுத? அவள் தவறவிட்டால் அனுபவிப்பது அந்தப் பூனை. அவள் தனியாக இருக்கிறாள், பேச ஆள் இல்லாமல்தான் கேட்கிறாள் என்று அவளுடைய பழைய ஆசிரியை ஒருவர் எழுதியிருந்தார். அதை மட்டும் நான் மூன்று தடவை படித்தேன். அதைப் பற்றி மகளிடம் பேசுகிறேன் டீச்சர், இங்கே வேண்டாம்.

இன்னொன்றும் கேட்க வேண்டும். அன்று கணவரும் என் பக்கத்தில்தான் நின்றார். "வேணாம், கொண்டு போங்க" என்று முதலில் சொன்னதே அவர். காணொளியில் அவர் தோள் தெரிகிறது. எழுபது கருத்தில் ஒன்றுகூட அவரைப் பற்றி இல்லை. அப்பா மறுத்தால் கண்டிப்பு, அம்மா மறுத்தால் கல்நெஞ்சு. பூனை வந்திருந்தால் தட்டு அள்ளுவது நான், மருத்துவரிடம் ஓடுவது நான், அது செத்தால் மகளை மடியில் போட்டுக்கொண்டு உட்காருவதும் நான்தான். அப்போது இந்த எழுபது பேரில் யார் வரப்போகிறீர்கள்?

தோட்டம் கைமாறி லயத்தை இடித்தபோது எங்களைத் தாமானுக்கு மாற்றினார்கள். லோரியில் கட்டில், சாமி படம், கோழிக்கூடு எல்லாம் ஏற்றினோம். பூனைகளை யாரும் ஏற்றவில்லை. அடுத்த வாரம் அப்பாவோடு மோட்டாரில் போனபோது, கூரை கழற்றிய வீட்டு வாசற்படிகளில் அவை வரிசையாக உட்கார்ந்திருந்தன. மோட்டார் சத்தம் கேட்டதும் எழுந்து ஓடி வந்தன. அதைப் பார்த்தவள் நான். எனக்குப் பூனையைப் பற்றிச் சொல்லித்தர வராதீர்கள்.

அந்தக் குட்டி இப்போது எங்கே என்று யாராவது கேட்டீர்களா? கொண்டு வந்தவரிடமே அன்று இரவு பெட்டியைத் திருப்பிக் கொடுத்தேன். தாய்ப்பூனையிடம் விட்டுவிடுவார் என்றுதான் நினைத்தேன். மறுநாள் கேட்டதற்கு, "மார்க்கெட்டுல விட்டுட்டேன்கா, அங்க மீன் கிடைக்கும்ல" என்றார். ஐந்து வாரக் குட்டி மீன் தின்னுமா? விலங்கு நலச் சட்டம் என்று ஒன்றை 2015-லேயே மலேசியாவில் இயற்றியிருக்கிறார்கள். வதை என்று நிரூபணமானால் குறைந்தது 20,000 வெள்ளி (ரிங்கிட்), ஒரு லட்சம் வெள்ளிவரை அபராதம், அல்லது மூன்று வருடம்வரை சிறை, அல்லது இரண்டுமே. நான் யார்மேலும் புகார் கொடுக்கப் போவதில்லை. ஆனால் என்னைக் கல்நெஞ்சு என்று சொல்லவைத்தவர் செய்தது இது.

திங்கட்கிழமை விடியுமுன் மார்க்கெட்டுக்குப் போனேன். மீன் கடைகளின் கீழே, ஐஸ் பெட்டிகளின் பின்னால், காய்கறிக் கூடை அடுக்கியிருந்த இடமெல்லாம் கைப்பேசி விளக்கை அடித்துத் தேடினேன். இரண்டு பெரிய பூனைகள் இருந்தன. அது இல்லை. செவ்வாய்க்கிழமையும் போனேன். மீன் வெட்டும் தம்பி, முதல் நாள் சாக்குப் பக்கம் ஏதோ கத்திக்கொண்டிருந்தது, அப்புறம் சத்தமில்லை என்றார். யாராவது எடுத்துப் போயிருக்கலாம் என்றும் சொன்னார். என் முகத்தைப் பார்த்துத்தான் அப்படிச் சொன்னார் என்று நினைக்கிறேன்.

நான் தேடிப் போனது மகளுக்குத் தெரியாது. குட்டி தாயிடம் இருக்கிறது என்றுதான் இன்றுவரை நம்பிக்கொண்டிருக்கிறாள். இதைப் பதிவிடுமுன் அவளை உட்காரவைத்துச் சொல்லிவிடுவேன். வெள்ளையும் சாம்பலுமான குட்டி யார் கண்ணிலாவது பட்டிருந்தால் எனக்குத் தனிச்செய்தி அனுப்புங்கள். அந்தக் காணொளியைப் போட்டவர் இன்றே அதை எடுத்துவிடுங்கள். அதில் அழுவது பதினைந்து வயதுப் பிள்ளை, அவள் நாளைக்கும் பள்ளிக்குப் போக வேண்டும்.