பேஜோவும் பார்டரும்

நேத்து சாயங்காலம் பீச் ஸ்டேஷனில் இறங்கி, செகண்ட் லைன் பீச் தெருவில் பர்மா நூடுல்ஸான அத்தோ சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். கடைக்காரர் நூடுல்ஸ், கோஸ், பொரிச்ச வெங்காயம், புளித்தண்ணி எல்லாவற்றையும் கையாலேயே பிசைந்து, மேலே பேஜோ என்கிற மொறுமொறு வறுவலை நொறுக்கிப் போட்டு, பக்கத்தில் வாழைத்தண்டு சூப் வைத்தார். அருகில் இரண்டு தம்பிகள். "பார்டரை இழுத்து மூடணும் மச்சான், அப்பதான் நம்மாளு பொழைப்பான்" என்றான் ஒருத்தன். பர்மாக்காரன் கதவை மூடியதால் இந்தத் தெருவுக்கு வந்த சாப்பாட்டை வாயில் வைத்துக்கொண்டே!

1962-ல் பர்மாவில் நே வின் ஆட்சியைப் பிடித்தார். 1964-ல் கடைகளை அரசே எடுத்துக்கொண்டது, அதே வருஷம் 50, 100 கியாட் நோட்டுகள் செல்லாது என்றார்கள். எங்க ஆயா பாவாடை மடிப்பில் வைத்துத் தைத்திருந்தது வெறும் காகிதமானது. கப்பலேறி வந்து வியாசர்பாடியில் குடிசை போட்டார்கள். 1969-ல் ராஜாஜி சாலை ஓரம் பர்மா பஜார் வந்தது. பெரியப்பாவுக்கும் ஒரு கடை.

அந்தக் கடை ஓடியதே இன்னொரு மூடிய கதவால்தான். வெளிநாட்டுச் சாமானுக்கு அவ்வளவு வரி, அவ்வளவு லைசென்ஸ். கப்பல்காரர்கள் கொண்டுவரும் டேப் ரிக்கார்டருக்கும் சென்ட் பாட்டிலுக்கும் ஊரே வரும். கஸ்டம்ஸ் ரெய்டு என்றால் அடுத்த நிமிஷம் வரிசையாக ஷட்டர் இறங்கும். 1991-க்குப் பிறகு கதவு திறந்தது, அதே சாமான் எல்லா ஷோரூமிலும் வந்துவிட்டது. ஊருக்கு லாபம்தான், மறுக்கவில்லை. பெரியப்பா இப்போது செல்போன் கவர் விற்கிறார். திறந்தபோது அவரிடம் யாரும் எதுவும் கேட்கவில்லை, மூடியபோது ஆயாவிடம் கேட்காத மாதிரியே.

உளுந்தையே பாருங்கள். நமக்கு இறக்குமதியாவதில் பெரும்பங்கு மியான்மர், அதாவது அதே பர்மா உளுந்து. 2017 ஆகஸ்டில் இறக்குமதிக்கு அளவு கட்டினார்கள், 2021 மே மாதம் அவிழ்த்தார்கள். அவிழ்த்தால் எங்க தெரு இட்லிக்கார அக்காவுக்கு நிம்மதி, நெல் அறுத்த வயலில் உளுந்து விதைக்கும் டெல்டாக்காரருக்கு வயிற்றெரிச்சல். நான் திறக்கிற கட்சிதான். ஆனால் ராத்திரியோடு ராத்திரியாக உத்தரவு போடாமல், விதைப்புக்கு முன்னாடியாவது சொல்லித் தொலைக்கலாமில்லையா?

ஆயா காலத்தில் பர்மாவிலிருந்து வந்தவர்களில், தமிழ்நாட்டில் ஒட்டாமல் நடந்தே பர்மாவுக்குத் திரும்பக் கிளம்பி, எல்லையில் தடுக்கப்பட்டு மணிப்பூர் மோரேயிலேயே தங்கியவர்கள் உண்டு. ஆயாவின் தம்பி அதில் ஒருத்தர். 1995-ல் அங்கே எல்லை வணிகம் தொடங்கியதும் அவர் குடும்பம் நிமிர்ந்தது. 2020 மார்ச்சில் கொரோனாவுக்காக கேட் மூடியது. அடுத்த வருஷம் அந்தப் பக்கம் ராணுவ ஆட்சி, 2023 மே மாதம் இந்தப் பக்கம் கலவரம். விசா இல்லாமல் 16 கிலோமீட்டர் வரை போய்வரும் ஏற்பாட்டையும் ரத்து செய்வதாக 2024-ல் அறிவித்தார்கள்.

போன வாரம் அந்த ஆயா தம்பியின் பையன், எனக்கு மாமா முறை, மோரேயிலிருந்து போன் பண்ணினார். பர்மா பஜாரில் கடை எதுவும் வாடகைக்குக் கிடைக்குமா என்று கேட்டார். பெரியப்பாவிடம் கேட்டுச் சொல்கிறேன் என்றிருக்கிறேன்.