அலங்காரச் சைக்கஸ் வேறு, நம் மலைச் சைக்கஸ் வேறு

சைக்கஸ் என்பது பனை போன்ற தோற்றமுள்ள செடிவகை. 'சைக்கஸ் எல்லாம் ஒரே செடிதான். நர்சரியில் நான்கு வாங்கி நட்டால் அருகிவரும் இனம் பிழைத்துவிடும்' என்று நினைப்பது தவறு. நர்சரிகளில் பெரும்பாலும் விற்பது சைக்கஸ் ரெவலூட்டா. அதன் தாயகம் தென்ஜப்பான் தீவுகள். மேற்குத் தொடர்ச்சி மலைக்கே உரியதும், அருகிவருவதாகப் பட்டியலிடப்பட்டிருப்பதும் சைக்கஸ் சர்சினாலிஸ். ஆண் செடியின் கூம்பை மதனகாமப்பூ என்று வெட்டி விற்பதாலும், மலர் அலங்காரத்துக்கு இலைகளைக் கழிப்பதாலும் அது நலிகிறது. ஆந்திரத்தின் சேஷாசலம் மலைப்பகுதியிலுள்ள சைக்கஸ் பெட்டோமி இன்னொரு தனி இனம்.

ஓர் இனத்துக்குள்ளும் இடத்துக்கு இடம் வேறுபாடு உண்டு. கேரளம், கர்நாடகம் ஆகிய இடங்களின் சில வடிவங்களை அறிஞர்கள் 2006 முதல் அன்னைக்கலென்சிஸ், இண்டிகா, சுவாமியி என்று தனி இனங்களாகவே விவரித்துள்ளனர். ஆகவே எந்த மலையின் எந்தத் தாய்ச்செடியிலிருந்து விதை வந்தது என்ற குறிப்பு இல்லாத சேகரிப்பு, பாதுகாப்புக்கு மிகக் குறைவாகவே பயன்படும்.

ஆண், பெண் செடிகள் தனித்தனியானவை என்பதால் இரண்டும் போதிய எண்ணிக்கையில் வேண்டும். பக்கக்கன்றைப் பிரித்து நட்டால் தாயின் நகலே கிடைக்கும். வெவ்வேறு சைக்கஸ் இனங்கள் தோட்டத்தில் எளிதில் கலந்துவிடுவதால், அருகருகே வளர்ந்தவற்றின் விதையைக் காட்டுக்குத் திருப்பி அனுப்புவது ஆபத்தானது. விதைகளை நெல்லைப்போல் உலர்த்திப் பல்லாண்டு வைக்கவும் முடியாது. உயிருள்ள செடிகளாகவே, ஊர்வாரியாகப் பிரித்து வளர்க்க வேண்டியிருக்கிறது. இதற்காகக் காட்டில் வளர்ந்த செடியைத் தயவுசெய்து யாரும் பெயர்த்து எடுத்து வராதீர்கள். வனத்துறை அனுமதியுடன் சிறிதளவு விதை எடுப்பதே முறை.